இல்லாத காலில் முள்

நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே, இல்லாத ஊருக்குப் போகாத வழி சொல்கிறான் என்று சிரித்திருப்பேன். பட்டாளத்தில் பிணங்களுக்கு நடுவே கிடந்தவன் நான், பேய் பிசாசு எதையும் நம்பியதில்லை.

எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் கண்ணிவெடியில் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது, வயிற்றிலும் இரும்புத் துண்டுகள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கிடந்து பிழைத்து, வில்லாபுரம் வந்து சேர்ந்த பிறகுதான் ஜெபமணியைக் கட்டினேன். என் இடது பாதத்தை அவள் கண்ணால் கண்டதில்லை.

ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வேலை சொல்லியிருந்தார்கள், திங்கட்கிழமை கட்டைக்காலில் நடந்து காட்டவேண்டும். ஆனால் போன காலின் உள்ளங்காலில் முள் தைத்த மாதிரி ஓயாத வலி. கட்டைக்காலை மாட்டி ஊன்றினால் உச்சந்தலை வரை ஏறும். நரம்பின் வேலை, அடங்கிவிடும் என்றார் டாக்டர். அடங்கவில்லை. உட்கார முடியாது, படுக்க முடியாது. பக்கத்து வீட்டு சேவியர் வேறு, "காலு எல்லையில கெடக்கு, வலி இங்க வருதா மாப்ள? மணியார்டர்ல அனுப்புதோ?" என்பான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் சர்ச் முடிந்து வந்த ஜெபமணி, நான் கட்டைக்காலைச் சுவரில் விட்டெறிந்ததைப் பார்த்தாள். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு என் இடது பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எந்த இடம்?"

"கேலி பண்றியா?"

"முள்ளு தச்சிருக்குன்னு நீங்கதான சொல்றீக. எடுத்துருவோம். காலை ஆட்டாதீக."

மடியில் பாதத்தைத் தாங்குகிறவள் போலக் குனிந்து வெறும் காற்றைக் கிண்டினாள். சுருக்கென்றது, பல்லைக் கடித்தேன். எதையோ கிள்ளி எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். வலி போய்விட்டது, சத்தியமாக.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் ஊக்கைத் திரும்பக் குத்திக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"சுண்டுவிரலுக்குக் கீழ அம்புட்டு நீளமா தழும்பு இருக்கே, எதுல வெட்டுப்பட்டுச்சு?"

சின்ன வயதில் கீழக்குயில்குடிக் கண்மாயில் மண்வெட்டி பட்ட தழும்பு அது. அவளிடம் சொன்னதேயில்லை. தெரிந்த ஒரே ஆள் என் அம்மா, நான் பட்டாளத்துக்குப் போகும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மறுநாள் நடந்து காட்டினேன், வேலை கிடைத்தது. அப்படிக் கேட்டதே நினைவில்லை என்கிறாள் ஜெபமணி, உங்கள் மனசு ஆறட்டும் என்று சும்மா செய்தேன் என்கிறாள். இருக்கலாம். ஆனால் நான் பாயில் படுத்திருக்கும்போது, அந்த இடது பக்கத்து வெறும் இடத்தை அவள் இன்றுவரை மிதித்ததில்லை. சுற்றித்தான் போகிறாள்.