அரசாங்கக் காட்டுப் பரண்

பாசி பிடித்த மரப்பட்டையைக் கீறினால் ஒரு வாசம் வரும். ஈர மண்ணும் பச்சை இலையும் கலந்த மாதிரி... ஞாயிற்றுக்கிழமை காட்டிலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பும்போது அவர் கம்பளியில் அந்த வாசம்தான் இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம். இப்போது எழுதலாம். மருதை.

நான் கொழுந்து எடுத்தேன். அவர் தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டினார். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டிருந்தோம். தேயிலை முடிகிற இடத்தில் அரசாங்கக் காடு தொடங்கும். கிழங்கு முற்றுகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கிவிடும். விடிந்து போய்ப் பார்த்தால் பாத்தி ஏர் பூட்டி உழுத மாதிரி கிடக்கும்.

காட்டுக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். அங்கே பியதாச என்று ஒருவர், லைசன்ஸ் எடுத்த துவக்கு, துப்பாக்கி, வைத்திருந்தார். எங்கள் லயத்தில் யாரிடமும் துவக்கு கிடையாது. ஆனால் மருதை நன்றாகப் பரண் கட்டுவார். அப்படித்தான் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். பன்றி விழுந்தால் ஆளுக்குப் பாதி. ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கிளை பிரிகிற இடத்தில் காட்டுக்கம்புகளை அடுக்கி, கொடியால் இறுக்கிக் கட்டி, மேலே தேயிலைச் சாக்கைப் போட்டால் பரண். ஆணி ஒன்று கூட இல்லை. மேலே உட்கார்ந்தபின் பீடி கூடாது, இருமல் கூடாது. வெற்றிலை எச்சிலைக் கூட டின்னில்தான் துப்ப வேண்டும். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு பொல்லாதது.

காடு எல்லாருக்கும் பொது. யார் முதலில் ஏறுகிறார்களோ, அன்றைக்குப் பரண் அவர்களுடையது. பின்னால் வருகிறவர்கள் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுவார்கள். அதற்காகச் சண்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் ரொட்டியும் போத்தலில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு பரண் மரத்தடிக்குப் போனேன். இரண்டு பேரும் மேலே இருந்தார்கள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் காட்டு இலாகாவின் கார்ட் ஒருவர் வந்தார். புது ஆள். அண்ணாந்து பார்த்துத் துவக்கின் லைசன்ஸைக் கேட்டார். பியதாச காட்டினார். சரியாக இருந்தது.

அடுத்து, மற்ற ஆள் யார் என்று கேட்டார். மருதையே சிங்களத்தில் பதில் சொன்னார், தோட்டத்தின் பெயரையும் சேர்த்து.

கார்ட் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். இது இந்த நாட்டு ஜனங்களின் காடாம். தோட்டத்து ஆளுக்கு இங்கே வேலை இல்லையாம். துவக்குக்காரர் இருக்கலாம், மற்றவர் இறங்க வேண்டுமாம்.

மருதை பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில்தான். அவருடைய அப்பா பிறந்ததும் அங்கேதான். தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாத அந்த வருஷங்களில் அதெல்லாம் கணக்கில் வரவில்லை.

அவர் பியதாசவைப் பார்த்தார். பியதாச துவக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதை கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"வா புள்ள, போவோம்."

அவ்வளவுதான். நாங்கள் தேயிலைக்குள் இறங்கி நடக்கும்போது பின்னால் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பனிமூட்டம்தான் தெரிந்தது.

மறுநாள் பியதாச வந்தார். எப்போதும் நேராக உள்ளே வந்து உட்காருகிறவர், அன்றைக்கு வாசலிலேயே நின்றார். கையில் காட்டுச்சேம்பு இலையில் சுற்றிய இறைச்சி. சரியாகப் பாதி இருக்கும். மருதை உள்ளே அடுப்படியில் இருந்தார், எழுந்து வரவில்லை. நான்தான் வாங்கினேன்.

"அத ஏன் வாங்குன?"

"பன்னி நம்ம கெழங்கத்தானே தின்னுச்சு."

அவர் தேங்காய்ச் சம்பலோடு சோறு தின்றார். நான் கறி ஆக்கிச் சாப்பிட்டேன். எனக்கும் கோபம் இருந்தது, பசியும் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் காட்டுக்குப் போகவில்லை. அடுத்த கிழங்கு முற்றும்போது தோட்டத்து எல்லைக்குள்ளேயே, ஓடைக்கரை மரத்தில், வேறு பரண் கட்டினார். துவக்கு இல்லை. ஒரு தகர டின்னைத் தட்டிப் பன்றியை விரட்டுவார். பாதி நாள் பன்றி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஒரு பொழுதுபடுகிற நேரம் பியதாச அந்த மரத்தடிக்கு வந்து நின்றிருக்கிறார். நடந்ததை மருதை வீட்டுக்கு வந்து சொன்னார், வேறு யாருக்கோ நடந்த மாதிரி.

"ஏறவா மச்சான்?" என்று கேட்டாராம் பியதாச.

இவர் டின்னை இரண்டு தட்டுத் தட்டினாராம். கீழே நின்றவர் போகவில்லை.

பரண் ஏறுகிறவர் துவக்கோடு ஏறக் கூடாது. கீழிருந்து நீட்ட வேண்டும், மேலே இருக்கிறவர் வாங்கி வைக்க வேண்டும். கடைசியில் இவர் குனிந்து கையை நீட்டியிருக்கிறார்.

"துவக்க மொதல்ல குடு."

பியதாச ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குத் தான் வாய் திறக்காமல் இருந்ததைப் பற்றி என்னவோ சொல்லத் தொடங்கினாராம்.

"பேசாம இரு. பன்னி வரும்," என்றாராம் இவர்.

அன்றைக்குப் பன்றி வரவில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றைப் பாதிப் பாதியாகத்தான் பிரித்தார்கள்.

மருதைக்குப் பிரஜாவுரிமை கிடைத்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. இப்போது அவரும் இல்லை, பியதாசவும் இல்லை. போன வருஷம் மகளோடு அந்தப் பக்கம் போனேன். காட்டோரம் மூன்று பாஷையிலும் போர்டு வைத்திருக்கிறார்கள். தமிழில் இரண்டு எழுத்துப் பிழை. கிழங்குப் பாத்தியைச் சுற்றிக் கரண்ட் கம்பி போட்டிருந்தார்கள்.

கொஞ்சம் உள்ளே நடந்து மரங்களை அண்ணாந்து பார்த்தேன். பரண் கட்டத் தோதான கிளைகள் நிறையவே இருந்தன... மகள் நேரமாகிறது என்று கூப்பிட்டாள்.