முள்ளும் மிதவையும்

சாயங்காலத்துக்குள் திருவாரூரில் நெல் மூட்டை இறக்க வேண்டும். என் லோடு வண்டியின் டீசல் முள்ளோ, எவ்வளவு ஊற்றினாலும் சில நாட்களாகக் காலியிலேயே கிடந்தது. வழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில், ஒவ்வொரு முறையும் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தே கிளம்புவேன். டேங்குக்குள் டீசல் மட்டத்தோடு ஏறி இறங்கி முள்ளை நகர்த்தும் மிதவையை மெக்கானிக் கழற்றிக் கொடுத்தார். காதருகே ஆட்டினேன். சளக், சளக்.

அத்தையின் ஸ்டவ் சத்தம்! என் சின்ன வயதில், மன்னார்குடியில் அத்தை காலையில் இட்லி விற்பாள். நடுவில் மண்ணெண்ணெய் தீர்ந்தால் வேகிற அந்த ஈடு இட்லி முழுவதும் வீண். அதனால் ஸ்டவ்வைக் காதருகே ஆட்டி, "ஆறு ஈடு தாங்கும்" என்பாள். ஒருநாள் பயத்தில் அவளுக்குத் தெரியாமல் கொஞ்சம் ஊற்றினேன். மறுபடி ஆட்டியவள் சிரித்தாள்.

"ஏண்டா பயந்தாங்கொள்ளி, ஒரு ஈடு கூடுதே! நீ ஊத்துனியா?"

"மீட்டரையே மாத்திடலாம்ண்ணே" என்றார் மெக்கானிக்.

"வேணாம் தம்பி. கொஞ்சம் முன்னாடி நீங்க மிதவை வயரைக் கழட்டி வண்டி பாடியில தொட்டதும் முள்ளு ஏறுச்சுல்ல? மீட்டர் நல்லாத்தான் இருக்கு. மிதவைதான் ஓட்டையாகி டீசலைக் குடிச்சு மூழ்கிருக்கு. இந்த வண்டிக்குன்னே வர்றதா ஒண்ணு போடுங்க. வேற வண்டியோடது போட்டா முள்ளு பொய் சொல்லும்."

புதியதை மாட்டினார். முள் பாதிக்கு ஏறி நின்றது. முள் கெட்ட பிறகு முதல்முறையாக, டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காமலே வண்டியை எடுத்தேன்.