சாட்சி சொல்ல எழுந்தேன்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயால்தான் பிழைத்தேன். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். நான் பாடம் எடுத்தால் பக்கத்து வகுப்புக்கும் சேர்த்துத்தான் எடுப்பேன் என்று மற்ற டீச்சர்கள் சலித்துக்கொள்வார்கள். திருச்சபையில் கூட்டம் என்றால் பேசுவதற்கு முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பேச்சுக்கு நடுவில் நான் அழுது ஒருவரும் பார்த்ததில்லை.

மூளையின் உறையில், இடது பக்கம், ஒரு கட்டி வந்தது. புற்று இல்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது என் கணவரிடம் படித்துப் படித்துச் சொன்னார்: "கட்டி ரத்தக்குழாயோட ஒட்டி இருந்தது. பிரிச்சு எடுத்திருக்கோம். சில பேருக்கு ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு அந்தக் குழாய் சுருங்கும். பேச்சு குழறினாலோ, கை தளர்ந்தாலோ யோசிக்காம கூட்டிட்டு வந்துருங்க." ஆட்டோவில் வரும் வழியெல்லாம் கணவர் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு நல்லது நடந்தால் உடனே வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்து நன்றி சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போடுகிறவன் நன்றி கெட்டவன். கணவரின் அக்கா, எனக்கு மைனி, என் தலைத் தையல் காயும் முன்பே நாள் குறித்துவிட்டார். சோபாவைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு ஹால் முழுக்கப் பாய் விரித்தார்கள். காராச்சேவும் கேக்கும் வந்து இறங்கின. போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் ஜெபித்து முடித்துவிட்டு, "அம்மா ரெண்டு வார்த்த சாட்சி சொல்லட்டும்" என்றார். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எல்லாருக்கும் முன்னால் நின்று சொல்வதுதான் சாட்சி.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் மனதில் வரிசையாக இருந்தது. வாயைத் திறந்தேன். மூச்சு வந்தது, சொல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றேன். ஊமைக்கு வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பயத்தில் கண்ணீர் கொட்டியது. அந்தக் கண்ணீர்தான் என்னைக் கெடுத்தது.

சாட்சி சொல்லுகிறவர்களுக்குத் தொண்டை அடைப்பது எங்கள் கூட்டங்களில் சாதாரணம். அப்போது யாராவது ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொடுப்பார்கள். எல்லாரும் சேர்ந்து பாடி அவரைத் தாங்கிக்கொள்வார்கள். அழகான வழக்கம், நானே பலருக்கு எடுத்துக்கொடுத்திருக்கிறேன்.

"பாவம், நன்றியில தொண்ட அடைச்சிட்டு பிள்ளைக்கு," என்றார் மைனி.

கணவர் பாட்டை எடுத்தார். அவருக்கு நல்ல குரல். கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினார். கண்ணைத் திறவும், என்னைப் பாரும், நான் அழுகிற ஆளா என்று எனக்குள்ளேயே கத்தினேன். அவர் கடைசிச் சரணம் வரை விடவில்லை. அதன்பின் ஐயர் பிரசங்கம் செய்தார். சுருக்கமாகப் பேசுகிற மனிதர் இல்லை அவர். என்னை நாற்காலியில் உட்காரவைத்து மைனி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். எழுந்து ஓடி யார் சட்டையையாவது பிடித்து இழுக்க நினைத்தேன். வலது கை மடியில் கிடந்தது, எழும்பவில்லை.

காப்பி கொடுத்தபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. டம்ளர் கையில் நிற்காமல் சேலையெல்லாம் கொட்டியது. சூடு எனக்கு உறைக்கவே இல்லை. கணவர் என் முகத்தைப் பார்த்தார். வாய் கோணியிருந்திருக்க வேண்டும். "ஏட்டி!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஹாலே எழுந்து நின்றது.

"பேச்சு எப்ப நின்னுச்சு?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பாட்டுக்கு முன்னால," என்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மைனி நடந்ததைச் சொன்னார். "அப்பவே வந்திருக்கலாமே," என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் கணவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, சுருங்கிய இடத்தில் மருந்து செலுத்தினார்கள். ரத்தக்குழாய் திறந்தது. அதற்குள் ரத்தம் கிடைக்காத இடம் கொஞ்சம் செத்துப்போயிருந்தது. பேச்சு இருந்த இடம்.

எழுத்து முதலில் திரும்பியது. இதை இடது கை விரலால் செல்போனில் தட்டுகிறேன். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் எனக்காக அதை முடித்துவிடுகிறார், பெரும்பாலும் தப்பாக. பள்ளியில் என் வகுப்பை வேறொரு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மணி அடிக்கும் சத்தம் வீடுவரை கேட்கும்போது ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

கணவர் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடுவதில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னைக் குளிப்பாட்டுவது, தலை வாருவது எல்லாம் அவர்தான். காலையில் என் வலது கைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது சில நாள் கேட்பார்: "எம்மேல கோவமா இருக்கியாட்டி?"

நான் வாயைத் திறப்பேன். அவர் விரல்கள் அப்படியே நிற்கும். "சரி, வருத்திக்காத. பைய வரட்டும்," என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

பேச்சுப் பயிற்சியில் எனக்கு முதலில் திரும்பி வந்த சொல் "இல்லை". இன்னும் கொஞ்சம் காப்பி வேணுமா, ஃபேன் போடவா என்று அவர் கேட்கும்போதெல்லாம் திக்காமல் சொல்லுகிறேன். அது எனக்கு வரும் என்று அவருக்கும் தெரியும்.