புகை குடித்தவனை நடக்க விடாதே

கப்பலில் படம் காட்டும் அறைக்குள் தீக்குச்சி கொண்டுபோனால் வேலை போய்விடும். அரியலூரில் படம் காட்டும் அறைக்குள் சூடம் கொளுத்தக் கூடாது என்று சொன்னதற்காக எனக்கு வேலை போகப் பார்த்தது. இரண்டு இடத்திலும் சம்பளம் வாங்கியவன் நான். இரண்டு இடத்திலும் ஓடியது ஒரே ஜாதி பிலிம்தான்.

யுத்தம் கிழக்கே பரவும்வரை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போகும் பயணிகள் கப்பலில் படம் காட்டும் மிஷின்காரனுக்குக் கையாளாக இருந்தேன். மேல்தட்டு ஆட்களுக்கு அங்கே சினிமா உண்டு. கீழ்த்தட்டில் நம் ஜனம் மூட்டையோடு மூட்டையாகக் கிடக்கும், அதற்குச் சினிமா கிடையாது. கப்பலை நடத்தியவர்கள் தர்மவான்கள் என்று சொல்ல வரவில்லை. எங்களை நாய் மாதிரிதான் நடத்தினார்கள். ஆனால் பிலிம் விஷயத்தில் பயந்து செத்தார்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் துரைக்கும் ஓட இடம் கிடையாது, அதுதான் காரணம்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு அதிகாரி விரல் நீளப் பிலிம் துண்டைக் கொளுத்தி வாளித் தண்ணீருக்குள் போட்டார். அது அணையவில்லை. தண்ணீருக்குள்ளேயே குமிழி விட்டுக்கொண்டு எரிந்தது. அந்தப் பிலிம் செய்கிறபோதே அதில் சூடம் சேர்க்கிறார்கள் என்றும், மற்றது வெடி மருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றும் மிஷின்காரன் சொன்னான். பழைய பெட்டியைத் திறந்தால் கோயில் வாடை அடிக்கும்.

படம் காட்டும் அறை முழுக்க இரும்புத் தகடு. கதவு வெளிப்பக்கம் திறந்து தானாக மூடிக்கொள்ளும். மிஷினில் ஒரு ரீல், சுற்றும் மேஜையில் ஒரு ரீல், மற்றதெல்லாம் இரும்புப் பெட்டியில் மூடியோடு இருக்க வேண்டும். உள்ளே நுழையுமுன் மடியைத் தடவிப் பார்ப்பார்கள். பீடி இருந்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. இதையெல்லாம் வாரா வாரம் ஒப்பிக்கச் சொல்வார்கள். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்போம், அர்த்தம் பாதி புரியாது.

யுத்தம் வந்தது, கப்பல் நின்றது, ஊருக்கு வந்தேன். அரியலூரில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு கடலை மண்டிக்காரர் டூரிங் கொட்டகை போட்டிருந்தார். சில மாதம் அரியலூர், லைசென்ஸ் முடிந்ததும் கூரையைப் பிரித்து வண்டியில் ஏற்றிப் பெரம்பலூர். என் தம்பி அங்கே ஆயில் என்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை அவனுக்கு. அவன் சொல்லித்தான் முதலாளி என்னை மிஷினுக்கு வைத்தார்.

கீற்றுக் கொட்டகை. அதன் பின்னால் தகரமும் பலகையும் அடித்த ஒரு கூண்டு. அதுதான் மிஷின் ரூம். மணல் வாளிகள் இருந்தன, அவற்றில் வெற்றிலை எச்சில் துப்பியிருந்தார்கள். நான் கத்திக் கத்தி இரும்புப் பெட்டி ஒன்று அடிக்க வைத்தேன். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினேன். இதற்கெல்லாம் முதலாளி முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். சூடத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

புதுப் படம் வந்தால் ரயிலிலிருந்து பெட்டியை மேளத்தோடு கொண்டுவருவார்கள். சுற்றும் மேஜைமேல் வைத்துத் திறந்து, முதல் ரீலை டப்பாவிலிருந்து வெளியே எடுத்து, அதற்குப் பூப்போட்டு, சந்தனம் தொட்டு, சூடம் காட்டுவார்கள். கட்டைச் சூடம். ஒரு சாண் உயரத்துக்கு எரியும். எல்லாம் அந்தத் தகரக் கூண்டுக்குள். முதல் தடவை பார்த்தபோது வெளியே ஓடிவந்துவிட்டேன்.

"யோவ் கப்பக்காரரே, ஒங்க கப்பல்ல சாமியே கெடையாதா?" என்றார் முதலாளி.

"இருக்குங்க மொதலாளி. மிஷினு ரூமுக்குள்ள மட்டும் விட மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பிதான் அதிகமாகச் சிரித்தான். நான் சிரிப்பதற்குச் சொல்லவில்லை.

"சூடத்த வாசல்ல காட்டுங்க. டப்பாவ மூடி வச்சுக் காட்டுங்க. சாமிக்குத் தகரத்துக்குள்ள இருக்கறது தெரியாதா?" என்றேன்.

"மூடுன டப்பாவுக்குச் சூடம் காட்டுறது வாயக் கட்டிப்புட்டு சோறு ஊட்டுற மாதிரிய்யா. போய் ஒம்ம வேலயப் பாரும். பயமா இருந்தா சொல்லும், வேற ஆளு பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப் படத்துக்கும் இதே சண்டை. தட்டைப் பிடிக்க மாட்டேன் என்று நான் வெளியே போய்விடுவேன். தம்பி தட்டைப் பிடிப்பான். வீட்டில் வைத்து அவனிடம் சண்டை போட்டேன். "அண்ணே, ஒரு நிமிஷ வேல. இதுக்குப் போயி மொதலாளிய மொறச்சுக்கிட்டு நிக்கிறியே" என்பான். லைசென்ஸ் பார்க்க ஒரு அதிகாரி வந்தபோது அவரிடமும் சொன்னேன். வாளிகளை எண்ணினார். சூடம் தெய்வ காரியம், அது ரூலில் வராது என்றார்.

வைகாசி மாதம். நடுப்பகல். தகரம் தொட்டால் சுடும். புதுப் படம் வந்திருந்தது. பல ஊர் ஓடித் தேய்ந்த பிரிண்ட், ஓரமெல்லாம் கிழிசல். முதல் ரீலின் நுனி மேஜையிலிருந்து தொங்கியது. நான் வெளியே என்ஜின் பக்கம் நின்று கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி தட்டைச் சுற்றினான். வெளியே புழுதிக் காற்று ஒரு சுழற்று சுழற்றியது, கதவு படாரென்று அடித்தது, சூடம் பிலிம் நுனிமேல் சாய்ந்தது.

சத்தமே இல்லை. உஸ் என்று ஒரு சீறல், அவ்வளவுதான். பிறகு மஞ்சளும் செங்கல் நிறமுமாகப் புகை. முதலாளியும் மேளக்காரர்களும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வெளியே வந்தார்கள். தம்பி வரவில்லை. அவன் உள்ளே நின்று, இரும்புப் பெட்டியில் வைத்திருந்த மற்ற ரீல்கள்மேல் மூடியை இறக்கிக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான். எரிகிற ரீலை மேஜையிலிருந்து தள்ளிக் காலால் மூலைக்கு ஒதுக்கி மணலைக் கொட்டினான். நான் உள்ளே பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தபோது ஒரு ரீல் எரிந்து முடிந்திருந்தது. மற்றதெல்லாம் தப்பித்தது.

இருமினான். குனிந்து வாந்தி எடுத்தான். முன்கை மட்டும் கொஞ்சம் வெந்திருந்தது. ஒரு கலர் சோடா குடித்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்து, "ஒன் பொட்டி நல்ல பொட்டிண்ணே" என்றான்.

அப்போதுதான் எனக்குக் கப்பலில் ஒப்பித்தது வாய்க்கு வந்தது. பிலிம் புகை குடித்தவன் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் நம்பாதே. நடக்க விடாதே. படுக்க வை. டாக்டர் பார்க்கட்டும், மறுநாள்வரை பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஏன் என்று அவர்கள் சொல்லித் தரவில்லை. நானும் கேட்டதில்லை.

"படுடா" என்றேன். "இந்த எடத்த வுட்டு நவுராத."

"என்னத்துக்குண்ணே? எனக்கு ஒண்ணுமில்ல."

அதற்குள் ஊர் கூடிவிட்டது. அவன் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவன் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் விழுந்து மாரியம்மாவைக் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் தீயிலிருந்து உயிரோடு வந்தவன் ஆத்தாளுடைய ஆள். மஞ்சத்தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியோடு, உட்காராமல் கோயிலுக்கு நடந்து மூன்று சுற்று வர வேண்டும். வழியில் உட்கார்ந்தால் குற்றம்.

"ஆத்தா மடியில போட்டுக் காப்பாத்திருக்கா. நடத்திக் கூட்டிட்டுப் போங்கடா" என்று கூட்டம் கத்தியது.

"வேணாம்மா" என்றேன் அவளிடம். "நாளைக்குப் போவலாம். நானே தோள்ல தூக்கிட்டு வரேன். இன்னிக்கு அவன் நடக்கக் கூடாது."

"ஏன் மாமா?"

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. "கப்பல்ல அப்புடித்தான் சொன்னாங்க" என்றேன்.

"கப்பல்ல மாரியம்மா இல்ல மாமா" என்றாள்.

ஆள்விட்டு ஒரு டாக்டரை வரவழைத்தேன். அவர் நாடி பிடித்தார், கையில் மருந்து தடவினார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சுத்தமாக இருக்கிறது என்றார். கப்பல் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை, பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: "நான் இந்த மாதிரி கேஸ் பார்த்ததில்லைப்பா. இப்ப இருக்கற நெலமைக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல." நெஞ்சு சுத்தமாக இருந்தால் அவர் வேறு என்ன சொல்வார்.

தலையில் குடம் குடமாக ஊற்றினார்கள். தம்பி வேப்பிலையை வாயில் கடித்துக்கொண்டு நடந்தான். கொதிக்கிற வெயிலில் கடைத்தெரு முழுக்க நடந்தான். முதலாளி முன்னால் மேளம் வைத்தார். நான் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டே போனேன். இரண்டாவது சுற்றில் நின்று மூச்சு வாங்கினான். "வெயிலுண்ணே" என்றான். உட்காரச் சொன்னேன். பத்துப் பேர் என் கையைத் தட்டிவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? தீப்பிடித்த கொட்டகை என்று ஜனம் வராமல் போய்விடுமோ என்று முதலாளிக்குப் பயம். சாயங்காலம் தம்பிக்குப் புது வேட்டி கட்டிவிட்டு வாசலில் நிற்க வைத்தார். "பாத்துக்குங்க, ஆளு கல்லு மாதிரி நிக்கிறான். பயப்படாம உள்ள போங்க" என்று ஒவ்வொருவனிடமும் சொன்னார். எரிந்த ரீல் இல்லாமலே படத்தை ஓட்டச் சொன்னார். நான் மிஷினைத் தொட மாட்டேன் என்றேன். அவரே பெரம்பலூர் ஆள் ஒருவனை வைத்து ஓட்டினார். முதல் ரீல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் வாசலில் தம்பி பக்கத்தில் நின்று அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஆட்டம் பாதி ஓடியபோது, வாசல் விளக்கு வெளிச்சத்தில் உதடு நீலம் பூத்தது தெரிந்தது. "அண்ணே, நெஞ்சுல தண்ணி ரொம்புற மாதிரி இருக்கு" என்றான். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் வந்தார். இந்தத் தடவை குழாயை வைத்ததும் முகம் மாறிவிட்டது. திருச்சிக்குக் கொண்டுபோ என்றார். எதில் கொண்டுபோவது. காலை ரயில்வரை அவன் தாங்கவில்லை. வாயில் சிவப்பு நுரை தள்ளியது. தரையில் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், மூச்சுக்கு அலைந்து அலைந்து செத்தான். தண்ணீரே இல்லாத ஊரில் என் தம்பி கடலில் முழுகியவன் மாதிரி செத்தான்.

சாவுக்குக் காரணம் மார்ச்சளி சுரம் என்று எழுதினார்கள். தீ என்ற வார்த்தை எதிலும் இல்லை. அதனால் லைசென்ஸுக்கு ஒன்றும் வரவில்லை. ஊரில் வேறு கதை கட்டினார்கள்: அண்ணன்காரன் ஆத்தாளுக்கு எதிராகப் பேசினான், உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தான், அதற்குத் தம்பியை எடுத்துக்கொண்டாள். என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இரண்டு பேரை அடித்தேன். அடித்து என்ன ஆகப்போகிறது.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு தம்பி பெண்டாட்டி வந்து கதவோரம் நின்றாள். குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. நான் நடத்திக் கூட்டிட்டுப் போனதாலயா?"

யாரிடமும் மறைத்துப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். படுக்க வைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்பது எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

"மார்ச்சளின்னு டாக்டரு எழுதியிருக்காருல்ல. போம்மா" என்றேன்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வேப்பந்தட்டைப் பக்கம் இருந்த அவள் அப்பன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. மாரியம்மன் கோயில் இருக்கிற எந்தத் தெருவிலும் அவள் பிறகு கால் வைத்ததே இல்லை என்று கேள்விப்பட்டேன்.