அபயம் மாமி துப்பிய அரிசி

அபயாம்பாள் மாமி அரிசி கடித்துப் பார்க்கிற அழகை நேரில் பார்க்காதவர்களுக்கு, மாட்டுங்காவில் அவளுக்கு இருந்த செல்வாக்கைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இருந்தாலும் சொல்கிறேன். நான் கண்ணால் பார்த்தவள். சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குத்தான் மண்டை வெடித்துவிடும்.

சம்பளம் வந்த மறுநாள் காலையில் எங்கள் கட்டிடத்துப் பெண்டுகள் எல்லாரும் பையும் கையுமாக மாமியின் பின்னால் கிளம்புவோம். போகிற இடம் மார்க்கெட் முனையில் ஜேட்டா சேட்டின் கடை. அங்கே போனதும் மாமி யாரோடும் பேச மாட்டாள். நேரே மூட்டையண்டை போய், முழங்கை மறைகிற மட்டும் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து நாலு மணி அரிசியை எடுத்து வாயில் போடுவாள். கண்ணை மூடிக்கொள்வாள். தாடை ஒரு தரம் அசையும். சேட் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டு நிற்பார். "ம்" என்றால் நாங்கள் அத்தனை பேரும் அந்த அரிசியை வாங்குவோம். "தூ" என்றால் சேட்டே ஆளைக் கூப்பிட்டு மூட்டையை உள்ளே தள்ளச் சொல்லிவிடுவார். மழையில் நனைந்து உலர்ந்த அரிசியோ, பழசோடு புதுசைக் கலந்ததோ, எதுவும் அவள் பல்லுக்குத் தப்பாது.

எடை போட்டு முடிந்ததும் மாமி உள்ளங்கையை விரித்து நீட்டுவாள். சேட் மறுபேச்சில்லாமல் ஒரு பிடி அரிசியும் ஒரு துண்டு வெல்லமும் கொசுறாக வைப்பார். அவளுக்கு வைத்தால் எங்களுக்கும் வைத்தாக வேண்டும். கல்பாத்தியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். ஒரு பொம்மனாட்டி நாலு அரிசியைக் கடித்து ஒரு கடையையே நிறுத்தி வைக்க முடியுமா! அவள் ஆத்துக்காரர் ஜம்பு மாமா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. அவர் குரல் எப்படி இருக்கும் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

யுத்தத்தின் நடுவில் ரேஷன் வந்ததும் மாமியின் பல்லுக்கு வேலையில்லாமல் போயிற்று. கொடுத்ததை வாங்கிக் கல் பொறுக்கிச் சமைத்தோம். சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் கண்ட்ரோலை எடுத்தார்கள். கடைகளில் அரிசி வந்து குவிந்தது. விலையும் கூடவே ஏறியது. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருமுனையில் ஜனோபகார ஸ்டோரின் கிளை திறந்தது.

பரேல், தாதர், செம்பூர் என்று அவர்களுக்கு ஊரெல்லாம் கிளை. எல்லாக் கிளையிலும் ஒரே விலை. பலகையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். பேரம் கிடையாது, கடன் கிடையாது, சாமானை வீட்டில் கொண்டுவந்து போடுவதும் கிடையாது. ஆனால் சேட் கடையை விட நன்றாகவே மலிவு. அதனால் அதற்குச் சகாயக் கடை என்று பெயர் வந்துவிட்டது. மலிவென்றதும் எங்களுக்கெல்லாம் ஆசைதான். ஆனால் மாமி கடித்துப் பார்க்காத அரிசியை யார் வாங்குவது? ஒரு நாள் அவளை முன்னால் விட்டுக்கொண்டு போனோம்.

கடையில் எடை போடுகிறவர் கோமதிநாயகம் என்று திருநெல்வேலிக்காரர். தாராவியில் குடும்பம். மாமி வழக்கம்போல் மூட்டைக்குள் கையை விட்டாள், வாயில் போட்டாள், கண்ணை மூடினாள். அந்த மனுஷர் அவள் தாடைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. தராசு முள்ளைப் பார்த்து எடை போட்டுப் பையில் கொட்டிவிட்டு, "அடுத்தாப்ல யாரு?" என்றார். மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. வாயில் அரிசியோடேயே உள்ளங்கையை நீட்டினாள்.

"கொசுறு கெடையாதும்மா," என்றார் அவர், பணிவாகத்தான். "எல்லாருக்கும் ஒரே எடைதான். ஒங்களுக்கு ஒரு பிடி குடுத்தா பொறவு வாரவுகளுக்கு நா என்ன சொல்லுதது?"

மாமி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, தெருவில் போகிறவர்கள் நின்று திரும்பும்படி, "தூ!" என்று துப்பினாள். "அரிசியா இது? கோழி கூடத் திங்காது. கையை நீட்டினவாளுக்கு ஒரு பிடி போடத் தெரியாதவன் கடையும் ஒரு கடையா? வாங்கோடி!" என்றாள். பையை அங்கேயே கவிழ்த்துக் கொட்டிவிட்டு அவள் நடக்க, நாங்களும் பின்னாலேயே நடந்தோம்.

அதோடு அந்தக் கிளைக்குச் சனி பிடித்தது. எதிர்க் கட்டிடத்துச் சுப்புலக்ஷ்மி வேறு தன் பங்குக்கு, "சகாயக் கடைப் பையோட ஒருத்தி தெருவிலே வந்தா, அவ ஆத்துக்காரருக்கு வேலை போயிடுத்துன்னு அர்த்தம்," என்று கிளப்பிவிட்டாள். அவள் ஆத்துக்காரர் பாங்கில் பெரிய உத்யோகம். அவளுக்கு என்ன, சொல்லலாம். கோமதிநாயகம் பாவம், தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

சேட் கடையில் விலை மட்டும் நிற்கவில்லை. ஆவணிக்குள் எங்கள் எல்லார் வீட்டிலும் சாதம் குறைந்தது. மாமி வீட்டில் ஐந்து குழந்தைகள். எல்லாம் நன்றாகச் சாப்பிடுகிற வயசு. திடீரென்று மாமிக்கு பக்தி முற்றியது. திங்கள் ஒருபொழுது, வெள்ளி ஒருபொழுது, ஏகாதசி, பிரதோஷம் என்று ஆரம்பித்து, சனி பகவானுக்காகச் சனிக்கிழமையும் சேர்ந்துகொண்டது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஒரு நாள் காலையில் பொதுக் குழாயடியில் குடத்தைத் தூக்கியவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தாங்கிப் பிடித்தபோது அந்தப் பெரிய உடம்பு கையில் கனக்கவே இல்லை. அவள் பெண் அம்மிணிதான் அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மா ராத்திரி சாப்பிட்டு மாசமாறது மாமி. மோரைக் குடிச்சுட்டுப் படுத்துக்கறா."

அன்று ஜம்பு மாமாவின் குரலை முதன்முதலாகக் கேட்டேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், "சகாயக் கடையிலே வாங்கினா என்ன?" என்றார். "நான் துப்பின அரிசியை நானே போய் அள்ளிண்டு வரதா? உசிர் போனாலும் மாட்டேன்," என்றாள் மாமி. சொன்னால் சொன்னதுதான், அவள் சுபாவம் அப்படி. இந்தப் பிடிவாதத்தில் இவள் போய்ச் சேர்ந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

இனி செம்பூர் கதைக்கு வருகிறேன். மாட்டுங்கா கிளையில் வாங்கினால்தானே மாமி பார்ப்பாள்? செம்பூரில் நம்மை யாருக்குத் தெரியும்? இப்படி எனக்கு மட்டும்தான் மூளை வேலை செய்தது என்று நினைத்துக்கொண்டு, ஆத்துக்காரர் ஆபீஸ் போனதும் குர்லாவில் இறங்கி, புகை விடுகிற கரிவண்டி ரயில் மாறி, செம்பூர் போனேன். போனால் அங்கே கிளைக்கு முன்னால், அகதி முகாமிலிருந்து வந்த சிந்திப் பெண்களோடு லைனில் எங்கள் கட்டிடத்து ஆட்களே இரண்டு பேர்! ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நின்றோம். அடுத்த தடவை நாலு பேர். அப்புறம் நாங்கள் வெட்கத்தை விட்டு, கூடியே ரயிலேறினோம். நல்ல அரிசி, வெள்ளையாக, பூவாய் மலர்கிற அரிசி. வீட்டில் சேட் கடைப் பையில் மாற்றிக் கொட்டி வைத்துக்கொண்டோம். போக ஆரம்பித்தபோது எனக்கு நாலாம் மாதம்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் லைனில் நிற்கிறோம். தலையில் முக்காடு போட்ட ஒரு பெரிய உருவம் குனிந்தபடி வந்து கடைசியில் நின்றது. நம்மவர்களில் யார் முக்காடு போடுவார்கள் என்று திரும்பினேன். முக்காடும் அதே நேரம் நிமிர்ந்தது. அபயம் மாமி!

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மாமி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நாங்கள் எங்கள் கால் விரல்களைப் பார்த்தோம். எனக்குப் பின்னால் நின்ற ஒரு சிந்திக்காரி, "ஆகே சலோ பஹன்," என்று தள்ளினாள். லைன் நகர்ந்தது. ஒருத்தரும் ஓடிப் போகவில்லை, அரிசி வேண்டுமே.

மாமியின் முறை வந்தது. கை தன்னால் மூட்டைக்குள் போயிற்று. நாலு மணி, வாயில். கண் மூடியது. அங்கே எடை போட்ட பையனுக்கு அவள் யாரென்றே தெரியாது. ஆனால் மாட்டுங்காக்காரிகள் அத்தனை பேரும் மூச்சு விடாமல் அந்தத் தாடையைப் பார்த்தோம். "ம்," என்றாள் மாமி. ரொம்ப மெதுவாக. எடையை வாங்கிக்கொண்டாள். கையை நீட்டவில்லை.

திரும்பும்போது எல்லாரும் ஆளுக்கொரு பெட்டியில் போய் ஒளிந்துகொண்டார்கள். குர்லாவில் வண்டி மாற நான் படியேறித் திணறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ என் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மாமிதான். அவள் பை ஒரு கையில், என் பை ஒரு கையில். வாரத்தில் பாதி நாள் பட்டினி கிடக்கிறவள்!

"எத்தனாம் மாசம்?"

"ஆறு, மாமி."

"வயத்திலே குழந்தையை வெச்சுண்டு, கரிவண்டியிலே ஏறி, இத்தனை கனத்தைத் தூக்கிண்டு... என் வாய்க்குப் பயந்தா?"

நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறினேன். ஆமாம், அவள் வாய்க்குப் பயந்துதான். மாமி மாட்டுங்கா வருகிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணில் நீர் நின்றது. அவள் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை, காய்கறி வாங்க ஊரே தெருவில் இருக்கிற நேரம். முக்காடும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, மாமி நடுத்தெருவில் நடந்து மாட்டுங்கா சகாயக் கடை வாசலில் போய் நின்றாள். கோமதிநாயகம் பயந்து எழுந்தே நின்றுவிட்டார். மாமி தெருப் பக்கம் திரும்பினாள். அன்றைக்குத் துப்பினாளே, அதே இடம், அதே குரல்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ! அன்னிக்கு நான் துப்பினது நல்ல அரிசி. கடிச்ச உடனே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் துப்பினேன். இவர் எனக்குக் கொசுறு போடலைங்கற கோவம், வேற ஒண்ணும் இல்லை. இந்த மனுஷர் மேல ஒரு தப்பும் கிடையாது. நான் சொன்னதாக்கும் பொய்!"

தெரு அசையவில்லை. கீரைக்காரி கூட விலை சொல்வதை நிறுத்திவிட்டாள். தப்பை ரகசியமாக ஒத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊரைக் கூட்டிச் சொன்ன பொய்யை ஊரைக் கூட்டியே திருப்பி எடுத்துக்கொண்டவளை அன்றுதான் பார்த்தேன். அதற்கப்புறமும் பார்த்ததில்லை.

சுப்புலக்ஷ்மிக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்போ ஏன் சொல்லத் தோணித்து மாமி, திடீர்னு?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நேத்து செம்பூர்க் கடையிலே போய் லைன்ல நின்னு வாங்கிண்டு வந்தேன். ஆத்திலே அரிசி இல்லை, அதான்."

"ஐயோ, செம்பூரா! நம்ம தெருவிலேர்ந்து வேற யாரு நின்னா அங்கே?"

நாங்கள் ஏழெட்டுப் பேரும் காய்கறி வண்டியண்டை கும்பலாக நின்றுகொண்டிருந்தோம். மாமி எங்கள் பக்கம் கண்ணைக் கூடத் திருப்பவில்லை.

"ஒருத்தரும் இல்லை. நான் ஒருத்திதான்," என்றாள்.

தன் மானத்தை எடுத்து நடுத்தெருவில் போட்டவள், எங்கள் மானத்தை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். தெருவில் உரக்கப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை. அன்று எங்கிருந்து குரல் வந்ததோ, பகவானுக்குத்தான் வெளிச்சம்.

"நானும் நின்னேன்," என்றேன். "ரெண்டு மாசமா நிக்கறேன்."

பக்கத்தில், "நானும்தான்," என்றாள் ஒருத்தி. அப்புறம் இன்னொருத்தி. சுப்புலக்ஷ்மி வாயை மூடிக்கொண்டாள்.

மாமி திரும்பி என்னைப் பார்த்தாள். பழைய அதட்டல் குரல் வந்துவிட்டது. "சரிதான், தம்பட்டம் அடிச்சது போறும். வந்து லைன்ல நில்லுங்கோ எல்லாரும்," என்றாள். நான் போய் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் என் தோளைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தி, "வயத்துப் பிள்ளைக்காரி, இவளுக்கு முதல்ல போடுங்கோ," என்று கோமதிநாயகத்திடம் சொன்னாள்.