அக்கா கனடாக்காரி ஆகாத வருடம்

என் அக்கா ஞானசுந்தரி நர்ஸ். வெள்ளக்கடை காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த சூசைமாணிக்கத்தின் மூத்த மகள். ஊசி போட்டால் வலிக்காது என்று பேர் வாங்கியவள். 1986 ஆகஸ்ட் தொடக்கத்தில் கனடா போனாள்; போகும்போதே அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையோடு போனாள். நானும் வெளிநாடு போனவள்தான். குவைத்திலும் மஸ்கட்டிலும் எட்டு வருடம் பிறர் பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன். விசா முடிந்ததும் பெட்டியைக் கட்டு என்றார்கள்.

1989 ஆகஸ்டில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக அக்கா வந்தாள். "சுந்தரி பக்கத்துல இருந்தாத்தானுங்க கத்தியத் தொட உடுவேன்" என்று அம்மா டாக்டரிடமே சொல்லியிருந்தாள். ஆறு மாதமாக அம்மாவைக் கைப்பிடித்து நடத்தியது நான்.

அக்காவின் பெட்டியில் குடியுரிமை மனு இருந்தது. மூன்று வருடம் முழுசாகக் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். இடையில் வெளியே போன நாளெல்லாம் கழிந்துவிடும். செப்டம்பர் முடிவதற்குள் மனுக் கொடுத்தால் அங்கே தலைமை நர்ஸ் பதவி. அதனால் இங்கே எத்தனை நாள் தங்கலாம் என்று பார்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தாள். ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் விமானம்.

பயணங்களை எழுதும் பக்கத்தை என்னிடம் நீட்டினாள். "உன் எழுத்து அழகா இருக்கும், எழுது கண்ணு. அப்பா செத்தப்ப வந்தது முப்பது நாள். முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாளே கெளம்பிட்டேன்."

அவளுடைய பழைய பாஸ்போர்ட் கனடாவில் இருந்தது. நினைவிலிருந்து சொன்னாள்.

அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் குவைத் எஜமானியின் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. நான் வரவில்லை. என்ன நடந்தது என்று அம்மா எழுதிய கடிதம் எனக்கு மனப்பாடம். அது காபிப் பழம் பறிக்கும் காலம். எஸ்டேட் ஆட்களுக்கு லீவு கிடையாது. ரைட்டரின் நினைவுப் பூசைக்கு மாதா கோயில் காலியாகக் கிடக்கக் கூடாது என்று பங்குச் சாமியார் அதைப் பதினைந்து நாள் தள்ளிவைத்தார். நடந்தது நாற்பத்தைந்தாம் நாள். ஊரில் எல்லோரும் அதையும் முப்பதாம் நாள் பூசை என்றே சொன்னார்கள்.

நான் பேசாமல் எழுதியிருக்கலாம். கனடா போனபின் பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்து விழித்திருப்பாள். ஆனால் அவள் முகம் வாடுவதை நேரில் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. கடிதத்தை எடுத்து வந்து வாசித்தேன்.

"அடிப் பாவி! இன்னும் பதினஞ்சு நாள் கழியுமா? செப்டம்பருக்குள்ள மூணு வருசம் நெறையாதே!"

"முப்பதுன்னே எழுதிரட்டுமாக்கா?"

"பாஸ்போர்ட்டுல சீல் இருக்குதே. பொய்யின்னு தெரிஞ்சா அப்பறம் எப்பவுமே கெடைக்காது."

"அப்ப நாளைக்கே கெளம்பு. ஆபரேசனுக்கு நான் இருக்கறேன்."

"நீ இருப்பே. நானில்லாம அம்மா மேசையில படுக்கோணுமே!"

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். "ஏங்கண்ணு சுந்தரி, என்ன குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. இவ எழுத்து கோழி கிண்டுனாப்புல இருக்குதுங்கறேன்."

அக்கா அந்தப் பக்கத்தை வாங்கி மடித்தாள். முகம் வாடியது, பார்த்தேன். அந்த வாட்டம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "மனுவப் பொறவு போட்டுக்கலாம்" என்று அம்மாவுக்குக் கஞ்சி வைக்கப் போய்விட்டாள்.

சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். நான் வெளியே பெஞ்சில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன்.

தலைமை நர்ஸ் பதவி வேறொருத்திக்குப் போனது. அதை அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அக்காமேல் இன்னும் பாசம் கூடிவிடும்.