கதிர்காமம் போகாத காய்ச்சல்

எங்கள் தோட்டம் தெமோதரைக்குக் கீழே, ஆற்றை ஒட்டி இருந்தது. நான் வாக்கப்பட்டு வந்த புதிதில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் போவோம். கொசு மாட்டுப்பட்டியில் இருக்கும். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குள் வந்ததாக ஞாபகம் இல்லை. கதிர்காமத்துக்குப் போய்வந்தவர்களுக்குத்தான் மலேரியா வரும். அது கீழ்நாட்டுக் காய்ச்சல், மலைக்கு ஏறாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

தொண்ணூறுகளில் ஒரு வருசம் மழை பொய்த்தது. அடுத்த வருசமும் சரியில்லை. கம்பளி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஆறு ஓடாமல் பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாக நின்றது. துணி துவைக்கப் போனால், தண்ணீரின் மேல் பொடிப்பொடியாகப் புழு படுத்துக் கிடக்கும். கையால் விலக்கிவிட்டு அலசுவேன். அது என்ன புழுவென்று எனக்கு யார் சொன்னது?

என் வீட்டுக்காரர் ஆற்றோரம் தக்காளி போட்டிருந்தார். பொழுது சாயும் நேரம் அந்தக் குட்டைகளில் வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு, இருட்டிய பிறகுதான் ஏறி வருவார்.

ஒருநாள் மத்தியானம் அவருக்கு நடுக்கம் கண்டது. சாக்கு, சேலை எல்லாம் போர்த்தியும் பல் கிட்டித்தது. பிறகு உடம்பு தீயாய்க் கொதித்து, வேர்த்து, விட்டது. மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி வேலைக்குப் போனார். அதற்கு அடுத்த நாள், அதே நேரத்துக்கு, மறுபடியும் நடுக்கம்.

பெரட்டில் கங்காணி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என்னாக்கா, ஒங்க வீட்டுக் காய்ச்சலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பேர் குடுக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் இருந்த டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுசர்தான். "கதிர்காமம், மொனராகலைப் பக்கம் போனனீங்களே?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப மலேரியா இல்லை. இந்தக் குளிருக்குள்ள அந்த நுளம்பு வராது."

கொசுவைத்தான் அவர் நுளம்பு என்பார். குளிர் எங்கே இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கொடுத்த மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது தடவை போனபோதும் அதே கேள்வி, அதே பதில், அதே மாத்திரை.

மூன்றாவது வாரம் அவருக்குக் கண் மஞ்சளடித்தது. வாசலுக்கு நடக்க முடியவில்லை. சாகப்போகிறார் என்றே நினைத்தேன். சுவரை ஒட்டிக் குடியிருந்த பக்கத்துக் காம்பராக்காரி வந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள்.

"நீ இல்ல இல்லன்னு சொன்னா டாக்டரு என்னா செய்வாரு? கதிர்காமம் போனோம்னு சொல்லு. அப்பதான் வெரலக் குத்தி ரத்தம் பாப்பாங்க."

"போகாமப் போனோம்னு எப்படிடி சொல்றது? முருகன் பேருல?"

"முருகனுக்கா காய்ச்சல்? ஒன் புருசனுக்குத்தான!"

அவரைக் கம்பளியில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் ஐயா "கதிர்காமம்..." என்று ஆரம்பித்ததுமே நான் தலையாட்டிவிட்டேன். எப்போது என்று கேட்டார். "போன மாசங்க" என்று பின்னாலிருந்து அவள்தான் சொன்னாள்.

"முதலே சொல்லியிருக்கலாமெல்லோ! மனுசன் செத்துப்போனா ஆர் பொறுப்பு?" என்று சத்தம் போட்டபடியே புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தம் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனது. மலேரியாதான். மாத்திரை வந்தது. மெல்ல மெல்ல எழுந்து உட்கார்ந்தார். எனக்குத்தான் பல நாள் சாமி படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதோடு நிற்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரியின் மகளுக்கு வந்தது. பிறகு கோடி வீட்டில் இரண்டு பேருக்கு. யாரும் மலையை விட்டு இறங்கவில்லை. ஆனாலும் எல்லோரும் என்னைப் போலவே சொல்லி ரத்தம் கொடுத்தார்கள். "லயமே கதிர்காமத்துக்குப் போயிட்டு வந்திட்டுதோ?" என்று டாக்டர் ஐயா சிரித்தாராம்.

கொசுவுக்கு மருந்து அடிக்கிறவர்கள் ஒருநாள் வந்தார்கள். முதுகில் மருந்து டாங்கி, கையில் காய்ச்சல்காரர்கள் பேர் எழுதிய கடுதாசி. அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் எங்கள் வாசலில் நின்று அதைப் படித்துப் பார்த்தார்.

"இந்த லயத்துக் காய்ச்சல் எல்லாம் கதிர்காமத்துல புடிச்சது. இங்க அடிக்கத் தேவையில்ல. இருக்குற மருந்து கீழத் தோட்டத்துக்கே பத்தாது."

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா, யாரும் போகவில்லை, ஆற்றுக் குட்டையைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் லயத்தில் எல்லோரும் பொய்க்காரர்கள் ஆவார்கள். அடுத்த காய்ச்சலுக்கு எங்களை யார் நம்பி ரத்தம் எடுப்பார்கள்? பக்கத்துக் காம்பராக்காரி தன் வாசலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் டாங்கியைச் சரிசெய்துகொண்டு ரோட்டுக்கு ஏறிவிட்டார்கள்.

அன்று பொழுது சாய, வீட்டுக்காரர் வாளியை எடுத்தார். கால் இன்னும் தள்ளாடியது.

"ஏங்க, ஆத்துக்குப் போகாதீங்க" என்றேன்.

"போகாட்டி தக்காளிக்கு யாரு ஊத்துறது? பூவெல்லாம் கருகுது புள்ள."

கொசு கடிக்காமல் போர்த்திக்கொள்ளட்டும் என்று பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்துக் கொடுத்தேன். "இந்தப் புழுக்கத்துலயா?" என்று சிரித்தார். தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.